எண்ணெய் குடித்த பல்

கோலாலம்பூருக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் என் செருப்பில் பூஞ்சணம் பூத்திருந்தது. ஊரில் ஐந்து வருஷம் புழுதியிலும் கல்லிலும் உழைத்த தோல் செருப்பு. இப்போது பச்சையும் வெள்ளையுமாக, தொட்டால் பூனைக்குட்டி போல் மெத்தென்றிருந்தது. துடைத்து வெயிலில் வைக்கலாமென்று வாசலுக்கு எடுத்துப் போனேன். வெயில் இல்லை; மழைதான் இருந்தது.

“இங்க எதுவும் நிக்காது லா, மச்சான்,” என்றார் அத்தான், அந்த ஊர்ப் பேச்சின் ‘லா’வைச் சேர்த்து. “பொஸ்தகம் உப்பிப் போகும். அரிசியில புழு வரும். நேத்து வாங்கின வாழைப்பழம் இன்னிக்குத் தண்ணி. மனுசன் ஒருத்தன்தான் எப்படியோ காலத்தை ஓட்டுறான்.”

அத்தான் என் அக்காவின் புருஷர். நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே ஸ்டோர் குமாஸ்தா. அக்கா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்ததால் சமையலும் அவர் கையில் இருந்தது. மூன்று வேளையும் சோறு, மூன்று வேளையும் நெத்திலிக் கருவாடு. ஒரு வேளை அதைப் பொரிப்பார், ஒரு வேளை குழம்பாக்குவார், மூன்றாம் வேளை “இன்னிக்கு வேற மாதிரி” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பொரிப்பார்.

நான் கடல் தாண்டி வந்தது ஒரு பல்லுக்காக. எங்கள் காலேஜில் கல்லாகிப் போன பழைய உயிர்களை வைத்திருக்கும் அலமாரி அறை ஒன்று உண்டு. அதற்கு நான் உதவியாளன். பதினொரு வருஷமாகத் தற்காலிக உதவியாளன். கோலாலம்பூருக்கு வடக்கே, ரயில் பாதைக்குச் சரளை உடைக்கும் சுண்ணாம்புக் குன்றில், பாறைப் பிளவுக்குள் அடைந்திருந்த செம்மண்ணில் யானையின் கடைவாய்ப் பல் ஒன்று அகப்பட்டதாம். ஆள் அனுப்பினால் தருவதாகக் குவாரித் துரை எங்கள் புரொபசருக்குக் கடிதம் எழுதியிருந்தார். புரொபசர் என்னைக் கூப்பிட்டு, “பல்லோடு வந்தால் உன்னை நிரந்தரமாக்க நான் எழுதுகிறேன். வெறுங்கையோடு வந்தால் அந்த அறையைப் பூட்டி விளையாட்டுச் சாமான் போடப் போகிறார்கள். அப்புறம் நீ எதற்கு?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

பூஞ்சணம் பிடித்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் திருச்சி ஜில்லாவில் கரிசல் காட்டில் உழுதால் கல் நத்தைகள் கிளம்பும். அங்கே வறண்ட பூமி, எதுவும் அழுக நேரமில்லாமல் உலர்ந்துவிடும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மூன்று நாளில் தோலைத் தின்கிற இந்த ஈரத்தில் ஒரு பல் எப்படி யுகக்கணக்கில் தங்கியது?

நான்காம் நாள் காலை, குவாரிக்குப் போகும் சரளை ரயிலில் அத்தான் என்னை ஏற்றிவிட்டார். பயணிகளுக்கான வண்டி அல்ல அது. காலித் தொட்டிகள் வரிசையாக. கடைசித் தொட்டியில் கவிழ்த்த கூடை மேல் நான், கையில் குடை. செங்கல் சூளைகளின் புகை, தகரக் கூரைகள், சீனர் காய்கறிப் பாத்திகள், அப்புறம் இரண்டு பக்கமும் கித்தா என்கிற ரப்பர் மரங்கள். ஒரு கிளைப் பாதையில் வண்டி நின்றது. பிறகு கிளம்பியது. நான் மட்டும் கிளம்பவில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் என் தொட்டியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த மழையில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். முதலில் கத்தினேன். பிறகு கத்துவதில் அர்த்தமில்லை என்று தெரிந்தது. மழைச் சத்தம் மெல்ல மெல்ல ஒரே சத்தமாகி, அதுவும் கேட்காமல் போனது. தூரத்தில் சாம்பல் நிறக் குன்று மேகத்துக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஈரப் புல்லை விலக்கிக்கொண்டு யானை வந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

கிழட்டு யானை. குன்றடியில் வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் எறும்பு, கழுகு, மழை. செத்தவர் எல்லாருக்கும் நடப்பதுதான் அதற்கும் நடந்தது. ஆனால் ஒரு முள்ளம்பன்றி வந்து தாடை எலும்பைக் குகைக்குள் இழுத்துப் போயிற்று. முள்ளம்பன்றிக்கு எலும்பு கொறிக்கப் பிடிக்கும். எலும்பை அரித்தது, பல்லின் வேரை அரித்தது. மேலே கெட்டியான பகுதியில் அதன் பல் ஏறவில்லை. சலித்துப் போய்விட்டது. அடுத்த பெருமழையில் செம்மண் சேறு குகைப் பிளவுக்குள் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. காற்று இல்லை, வெளிச்சம் இல்லை, புழு இல்லை. மேலே பாறையிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்பு நீர். அது பழையதில் ஒரு சிட்டிகை கரைத்துக்கொண்டு போகும், புதிதில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டுப் போகும். சுவரில் ஒரு செங்கல்லை உருவி அந்த இடத்தில் வேறொன்றைச் செருகுவது போல. கடைசியில் வீடு அதே வீடுதான். பழைய செங்கல்தான் பெரும்பாலும் இராது.

“யாரது உள்ள?” என்று ஒரு குரல் கேட்டது. அடுத்த வண்டியின் ஆள். “சரளைன்னு நெனச்சேன்,” என்றான்.

குவாரித் துரை நல்ல மனிதர். என் நனைந்த சட்டையைப் பார்த்துத் தேநீர் வரவழைத்தார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “கடிதம் எழுதிய பிறகு, அனுப்ப வசதியாக இருக்கட்டும் என்று நன்றாகக் கழுவி வராந்தாவில் வெயிலில் காயவைத்தேன்,” என்றார். “இரண்டு வாரம். மன்னிக்க வேண்டும்.”

டின்னைத் திறந்தேன். மஞ்சள் பொடியும் சில்லுகளும். யானைப் பல் ஒரே கட்டி அல்ல. அடுக்கி வைத்த தட்டுகளைப் பிசின் போட்டு ஒட்டியது மாதிரி. அத்தனை காலம் ஈரத்தில் கிடந்ததைத் திடீரென்று வெயிலில் வைத்தால் ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். ஒன்றை ஒன்று உதறிவிடும். இதை நான் முதல் வருஷப் பையன்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த டின்னைப் பார்த்துக்கொண்டு அழாமல் இருந்தது துரை எதிரில் இருந்ததால்தான்.

“தோண்டும்போது அது இரண்டாகப் பிளந்தது,” என்றார் துரை. “இது என் பாதி. மற்றப் பாதி கூலிக்காரர்களிடம் இருக்கிறது. அதை ஏதோ சாமியாக்கிவிட்டார்கள். நான் தலையிடவில்லை, நீங்கள் வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள்.”

குன்றடியில் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு காட்டத்தி மரம். அதன் கீழே, மழைத் தண்ணீர் ஓடாமல் அடுக்கிய கற்களின் மேல், அது உட்கார்ந்திருந்தது. கருகருவென்று, நல்லெண்ணெய் வழிய, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக. வரிவரியாக ஏழு தட்டுகள். ஒன்றும் உதிராமல். தட்டுகளை எண்ண நான் மண்டியிட்டதை அங்கிருந்தவர்கள் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாறையில் வெடிக்குத் திரி பற்ற வைக்கும் சின்னையன்தான் அதைத் தோண்டி எடுத்தவன். அவன் மனைவி மருதாயி சல்லி உடைப்பவள். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் எண்ணெய்க் காப்பு அவள் பொறுப்பு. நான் படித்த மனுஷன் என்ற தோரணையில் ஆரம்பித்தேன்.

“இது சாமி இல்லை, ஐயா. யானையோட கடைவாய்ப் பல்லு.”

“அதத்தானே நாங்களும் சொல்றோம்,” என்றான் சின்னையன். “யானைப் பல்லு பிள்ளையார் பல்லா இல்லாம வேற யாரு பல்லு?”

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். “இதச் சொல்லவா கப்பல் ஏத்தி ஆள் அனுப்பினாங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். உண்மையைச் சொல்லி அவர்கள் நம்பிக்கையை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டேன்.

பிறகு ஒளிக்காமல் கேட்டேன். காலேஜ், அலமாரி, என் வேலை, டின்னில் இருக்கும் பொடி, எல்லாவற்றையும் சொன்னேன். சின்னையன் பொறுமையாகக் கேட்டான். “இவரு வர்றதுக்கு முன்னால இந்தப் பாறையில ரெண்டு பேரு போனாங்க. இவரு வந்து ஒக்காந்த பிறகு ஒருத்தனுக்கும் கீறல் இல்ல. திரி வைக்கிறவன் நான். நீங்களே சொல்லுங்க,” என்றான்.

நான் டின்னின் மூடியை இன்னும் அழுத்தி மூடினேன்.

“அவர்கிட்டயே கேட்டுப் பாப்போமே,” என்றார் ஒரு பெரியவர். “வெள்ளிக்கிழம பூக் கட்டிப் பாத்துருவோம். சிவப்பு வந்தா இங்கயே இருப்பாரு. வெள்ளை வந்தா போகச் சம்மதம்.”

“கேக்கவே வேணாம்,” என்றாள் மருதாயி. “குடுக்க முடியாதுன்னா முடியாது. அதுக்குப் பூ எதுக்கு?”

ஐந்தாம் நாள் முழுக்க பிரிக்ஃபீல்ட்ஸில் சுற்றினேன். சீனர் கோப்பிக் கடையில் கறுப்புக் கோப்பியைச் சாஸரில் ஊற்றிக் குடித்தேன். பக்கத்து மேஜையில் ஒரு மலாய்க் கிழவர் தம் தமிழ்ச் சிநேகிதரிடம் தமிழிலேயே, “மழை நின்றால் போகலாம்” என்றார். சிநேகிதர், “அவசரம் என்ன, மழை நம்மைவிட்டு எங்கே போகப் போகிறது” என்றார். இரண்டு பேரும் சிரித்து இன்னொரு கோப்பி சொன்னார்கள். எனக்கும் அப்படியே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. வேலையும் அலமாரியும் வெகு தூரத்தில், வேறு யாருடையவோ போலத் தெரிந்தன. அத்தான் சாயங்காலம் கருவாடு பொரித்தார்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை. எதற்கென்று தெரியாமலே மறுபடி குவாரிக்குப் போனேன். ஆண்களெல்லாம் மேலே பாறையில் இருந்தார்கள். மருதாயி மட்டும் அத்தி மரத்தடியில் இருந்தாள். அவித்த மரவள்ளிக் கிழங்கும் மிளகாய்த் துவையலும் வாழையிலையில் வைத்துக் கொடுத்தாள். “கோவம் எல்லாம் இல்லீங்க. சாப்புடுங்க,” என்றாள்.

அவள் கேட்டாள்; நான் சொன்னேன். சேறு மூடியது, சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டியது, முள்ளம்பன்றி கொறித்தது. “அது இங்க நெறைய இருக்கு. குகை வாசல்ல எலும்பு போட்டு வச்சிருக்கும்,” என்றாள், தெரிந்த வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரி. டின்னைத் திறந்து காட்டினேன். பொடியை விரல் நுனியில் தொட்டாள். நான் தடுப்பதற்குள் திருநீறு மாதிரி நெற்றியில் இட்டுக்கொண்டாள்.

“அந்த யானை என்ன நெறமுங்க?”

“அது தெரியாது. இப்படிக் கல்லாகுறதுல உருவம் தங்கும். நிறம் மட்டும் தங்காது.”

அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, ஈரத் துணியால் பல்லின் மேலிருந்த சந்தனத்தை வழித்தாள். மூன்றாவது தட்டுக்கும் நான்காவது தட்டுக்கும் நடுவில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல். கீழ் வரை ஓடியிருந்தது.

“ரெண்டு மாசமா இருக்கு. தெனமும் சந்தனம் வச்சு அடைக்கிறேன். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா திரி வைக்கப் போகும்போது கை நடுங்கும்.”

நான் பொய் சொல்லவில்லை. இத்தனை நாள் இதைக் காப்பாற்றியது அவள் ஊற்றிய எண்ணெய்தான் என்றேன். துரை வீட்டு வராந்தாவில் இருந்திருந்தால் இதுவும் டின்னுக்குள் போயிருக்கும். ஆனால் காலையில் மழையும் மத்தியானம் வெயிலுமாக இந்த மரத்தடியில் இன்னும் வெகு நாள் தாங்காது. நிழலும் மூடிய இடமும் வேண்டும். தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

“நீங்க தெனமும் பாப்பீங்களா?”

“எனக்கு அது ஒண்ணுதான் வேலை,” என்றேன்.

அவள் சந்தனத்தைக் குழைத்து விரிசலை மூடினாள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் எல்லாரும் கூடினார்கள். அத்தானும் வந்திருந்தார். அரளிப் பூக்கள், சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று. மருதாயிதான் திரும்பி உட்கார்ந்து அவற்றைத் தனித்தனியாக வாழையிலைக் கீற்றில் மடித்து நார் போட்டுக் கட்டினாள். ஒரு முறத்தில் போட்டுக் குலுக்கிப் பிள்ளையார் முன் வைத்தாள். வேண்டிக்கொள்ளாதவர் யாரும் அங்கே இல்லை. நானும் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. என் வேலை ஞாபகம் வந்தது, சின்னையன் கை ஞாபகம் வந்தது, இரண்டையும் ஒரே வேண்டுதலில் வைக்க வழி தெரியவில்லை.

சின்னையனே எடுத்தான். நாரை அவிழ்த்தான். வெள்ளை.

குன்றிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சின்னையன் அந்தப் பூவைப் பல்லின் மேல் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். மருதாயிதான் முதலில் எழுந்தாள். ஆற்றிலிருந்து பொறுக்கி வந்து தயாராக வைத்திருந்த உருண்டைக் கல் ஒன்றை அந்த மேடையில் வைத்து எண்ணெய் ஊற்றினாள்.

“எதுக்கு எல்லாரும் இப்படி நிக்கிறீங்க? பிள்ளையார் இங்கதான் இருக்காரு. பல்லு மட்டும் ஊருக்குப் போகுது,” என்றாள்.

ஒருவர் சிரித்தார். பிறகு சின்னையனும் சிரித்துவிட்டான். பல்லை எண்ணெயில் நனைத்த துணியில் சுற்றி, வாழைமட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். நான் கிளம்பும்போது, முறத்தில் கிடந்த பிரிக்காத பொட்டலத்தை மருதாயி என் கையில் வைத்தாள். “இத இங்க வச்சிருக்கக் கூடாது. போற வழியில ஆத்துல விட்டுருங்க. பிரிக்கக் கூடாதுங்க,” என்றாள்.

எட்டாம் நாள் கிள்ளான். துறைமுகத்துக்குப் போகும் வண்டிக்கு நேரம் இருந்ததால் அத்தான் என்னை ஒரு ராவுத்தர் கடைக்கு அழைத்துப் போனார். தேங்காய்ப் பால் மணக்க மீன் குழம்பு, சூடான சோறு. ஒரு வாரத்துக்குப் பிறகு கருவாடு இல்லாத சோறு. “இந்த பாய் எந்த ஊரு தெரியுமா? நம்ம நாகூரு,” என்றார் அத்தான். பாய் இன்னொரு துண்டு மீன் வைத்துவிட்டு, “ஊருக்குப் போறவருக்குக் காசு கேக்கறதில்ல அண்ணே, அடுத்த தடவ வந்து குடுங்க,” என்றார். வெளியே கிள்ளான் ஆறு சேற்று நிறத்தில், எதையோ யோசித்துக்கொண்டே போவது போல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

படித்துறையில் நின்று பொட்டலத்தை எடுத்தேன். ஆற்றில் விட வேண்டும். ஆனால் மூடியிருப்பதைத் திறந்து பார்ப்பது என் பிழைப்பு; வாழ்நாள் முழுக்கக் கல்லை உடைத்து உள்ளே என்ன என்று பார்த்தவன் கை அது. அத்தான் வெற்றிலை வாங்கப் போயிருந்தார். நாரை அவிழ்த்தேன்.

வெள்ளை அரளி.

கேட்கவே வேண்டாம் என்றவள் அவள். திரும்பி உட்கார்ந்து கட்டியவளும் அவள். சிவப்புப் பூவை எங்கே போட்டாள், மடியிலா, கூந்தலிலா? புருஷன் எதை எடுத்தாலும் வெள்ளைதான் வரும் என்று தெரிந்துகொண்டு, எல்லாரோடும் சேர்ந்து கண்ணை மூடிக் கும்பிட்டிருக்கிறாள். அந்தப் பாவத்தை அவள் தனியாக எடுத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் வந்து கேட்டபோது மீன் குழம்பில் காரம் என்றேன்.

பூவை ஆற்றில் விடவில்லை. நோட்டுப் புத்தகத்தின் நடுவில் வைத்து மூடினேன்.

ஊர் வந்ததும் பல்லுக்கு அரக்கு பூசிக் கெட்டிப்படுத்தலாம் என்று பார்த்தேன். எண்ணெய் அத்தனை ஆழம் குடித்திருந்த பல்லில் அரக்கு ஒட்டவில்லை. தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லை. தினமும் காலையில் அறையைத் திறந்ததும் இலவம் பஞ்சில் நல்லெண்ணெய் தொட்டுத் தடவுவேன். என்னை நிரந்தரமாக்கி விட்டார்கள். அலமாரிப் பக்கம் வரும் மாணவர்கள் இங்கே ஏன் கோயில் வாசனை அடிக்கிறது என்று கேட்பார்கள். ஈரப்பதம் காக்கும் முறை என்று சொல்வேன். விரிசல் அதற்கு மேல் ஓடவில்லை.

சின்னையன் நலமாக இருப்பதாக அத்தான் வருஷா வருஷம் எழுதினார். இப்போது குவாரி மூடிவிட்டது. ஆட்கள் பந்திங் பக்கம் கித்தாத் தோட்டங்களுக்குப் பிரிந்து போய்விட்டார்கள். ஆற்றுக் கல்லை மருதாயி மடியில் கட்டி எடுத்துப் போனாளாம். சின்னையன் இனித் திரி வைக்கப் போவதில்லை; அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

நேற்று அந்த நோட்டைப் பிரித்தேன். பூ எப்போதோ பொடியாகி உதிர்ந்துவிட்டது. தாளில் ஐந்து இதழும் காம்புமாக அதன் உருவம் மட்டும் பழுப்பாகப் படிந்திருக்கிறது. அது வெள்ளையா சிவப்பா என்று அதைப் பார்த்து இனி யாராலும் சொல்ல முடியாது.